மஞ்சக் கடுதாசி கொடுத்தால் வருமான வரி பாக்கி போகுமா? ஐ.பி. போடும் முன் செய்ய வேண்டியவை, வரிசையாக

"அண்ணே, மஞ்சக் கடுதாசி குடுத்தா எல்லாக் கடனும் போயிருமில்லா? இன்கம்டாக்ஸும் அதுல சேந்ததுதானே?"

மார்த்தாண்டத்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர், முந்திரி எடுத்து உடைப்பவர், வள்ளத்துக்கு என்ஜின் கடனில் எடுத்துக் கொடுத்தவர் என்று ஆள் மாறும், இந்தக் கேள்வி மாறாது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகாது. வட்டிக்காரர், சீட்டுக்காரர், சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி ஆகியோரின் கடன் போகலாம். வருமான வரி பாக்கி மட்டும் நீதிமன்றம் உங்களை விடுவித்த பிறகும் உங்கள் பான் எண்ணோடேயே நிற்கும்.

அதனால்தான் வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் முதலில் வக்கீலிடம் போய் ஐ.பி. (மஞ்சக் கடுதாசிக்குப் பின்னால் இருக்கும் திவால் மனு) போட்டுவிட்டு, வரி நோட்டீஸைக் கடைசியில் எடுத்து நீட்டுகிறார்கள். அதற்குள் முறையீட்டுக் காலம் முடிந்திருக்கும். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள்: வரிப் பக்கத்தை முதலில் முடிந்தவரை சுருக்குங்கள், அதன் பிறகு ஐ.பி.யைப் பற்றி யோசியுங்கள்.

கீழே சொல்லும் வரிச் சட்டப் பிரிவு எண்கள் 1961-ஆம் வருடச் சட்டத்தின் எண்கள். 2025-இன் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், பழைய வருடங்களின் பாக்கிக்குப் பழைய சட்டம்தான் தொடர்கிறது.

1. எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்

2016-இல் வந்த திவால் சட்டத்தைப் பற்றி யூடியூபில் நிறையப் பேசுகிறார்கள். அதில் தனிநபர்களுக்கான மூன்றாம் பகுதியை, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அமல்படுத்தினார்கள். நீங்கள் கம்பெனிக்கு ஜாமீன் போட்டவர் இல்லையென்றால் அந்த வீடியோக்களை மூடிவிடலாம். சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருடச் சட்டம், வெளி மாவட்டங்களில் சப் கோர்ட்டில் போடும் ஐ.பி. மனுவுக்கு 1920-ஆம் வருட மாகாணத் திவால் சட்டம்.

அந்த 1920 சட்டத்தில் இரண்டு பிரிவுகளை மட்டும் மனதில் வையுங்கள். 61-ஆம் பிரிவு: உங்கள் சொத்தை விற்று வரும் பணத்தில், நிர்வாகச் செலவு போக, அரசுக்கும் உள்ளாட்சிக்கும் தர வேண்டியது முதல் வரிசையில் நிற்கும். வேலையாட்களின் கூலியும் அதே வரிசைதான், ஆனால் ஆளுக்கு இருபது ரூபாய் வரைதான்! நூறு வருடம் முந்தைய இருபது ரூபாய், இன்னும் மாற்றவில்லை. 44-ஆம் பிரிவு: நீதிமன்றம் விடுதலை உத்தரவு கொடுத்தாலும் அரசுக்குத் தர வேண்டிய கடனிலிருந்து விடுதலை கிடையாது. மோசடியால் வந்த கடனும் ஜீவனாம்சமும் அதே கணக்கில் வரும்.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு. சிரிக்காதீர்கள், பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் தன்னுடைய மெயிலையும் தன்னுடைய போன் நம்பரையும் பதிந்திருப்பார். நோட்டீஸ் எல்லாம் அவருக்குப் போயிருக்கும், அவர் கடையை மூடிவிட்டுக் கல்ஃபுக்குப் போயிருப்பார். ஆதார் ஓ.டி.பி. வழியாக உள்ளே போய் மெயிலையும் போன் நம்பரையும் உங்களுடையதாக மாற்றுவதுதான் முதல் வேலை. இல்லையென்றால் இனி வருவதும் உங்கள் கண்ணில் படாது.

அப்புறம், தளத்தில் கிடைக்கும் வருடங்களுக்கெல்லாம் 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். இரண்டையும் (உங்கள் பான் எண்ணில் பதிவான வரிப் பிடித்தம், பணப் பரிவர்த்தனைகளின் பட்டியல்) இறக்கிக்கொள்ளுங்கள். எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட், மூடிய கணக்கு உட்பட. கொள்முதல் பில், எடைச் சீட்டு, சொத்துப் பத்திரங்களின் நகல், வில்லங்கச் சான்றிதழ். கடன்காரர்களின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், ஊர், தொகை, புரோநோட்டா செக்கா வாய்வார்த்தையா. மச்சானிடம் வாங்கிய கைமாற்றையும் எழுதுங்கள்.

3. பாக்கி நிஜமான பாக்கியா என்று பாருங்கள்

தளத்தில் நிலுவை டிமாண்டுக்கு, அதாவது துறை கட்டச் சொல்லும் பாக்கிக்கு, பதில் சொல்லும் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வருடத்துக்கும் தனி எண்ணோடு தொகை காட்டும். அதைப் பார்த்ததும் மயங்கி விழாமல், ஒவ்வொன்றும் எந்த உத்தரவால் வந்தது என்று பிரித்து எழுதுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வகைக்கும் வழி வேறு.

முதல் வகை, சும்மா தவறாக வந்தது. உங்களுக்குத் தரும் பணத்தில் முன்கூட்டியே பிடித்த வரி (டி.டி.எஸ்.) ஏறவில்லை, கட்டிய செலான் வேறு வருடத்துக்குப் போய்விட்டது என்கிற மாதிரி. இதற்கு 154-ஆம் பிரிவில் திருத்த மனு போதும். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு வருடம் வரை நேரம் உண்டு. பைசா செலவில்லை.

இரண்டாவது, அரதப் பழசான சின்னத் தொகை. 2024-இல் அரசு ஒரு தள்ளுபடி கொடுத்தது: 2010-11 மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) வரை வருடத்துக்கு 25,000 ரூபாய் வரையும், 2011-12 முதல் 2015-16 வரை வருடத்துக்கு 10,000 வரையும், ஆளுக்கு மொத்தம் ஒரு லட்சம் வரம்பில். அதில் உங்களுடையது நீங்கியதா என்று தளத்தில் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது வகைதான் நம் மாவட்டத்தில் ஆட்களை ஐ.பி. வரை தள்ளுவது. குலசேகரம் பக்கம் ஒருவர் ஊர்க்காரர்களிடம் ஷீட் வாங்கிப் பெரிய வியாபாரிக்குக் கொடுக்கிறார், அந்தப் பணம் இவர் கணக்கில் ரொக்கமாக விழுகிறது, வருடத்துக்கு 30 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரிட்டர்ன் போடவில்லை, வந்த நோட்டீஸை யாரும் பார்க்கவில்லை. அதிகாரி கையில் இருப்பதை வைத்து 144-ஆம் பிரிவில் முடிவெடுத்து, விளக்கம் இல்லாத பணம் என்று முழு 30 லட்சத்துக்கும் வரி போடுகிறார். அந்த வருடங்களில் அதற்கு வரி 60 சதவீதம், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 78 வரை போகும். 23 லட்சத்து 40 ஆயிரம். வட்டியும் அபராதமும் தனி.

அதே பணத்தை வியாபார விற்பனை என்று நிரூபித்தால்? 44ஏடி பிரிவின்படி ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். 2 லட்சத்து 40 ஆயிரம். வேறு வருமானம் இல்லையென்றால் அது இரண்டரை லட்ச வரம்புக்குள்ளேயே வருகிறது, வரியே இல்லை! இருபத்து மூன்று லட்சம் கடன் என்று அலறி வக்கீலைத் தேடிப் போனவருக்கு உண்மையில் தேவைப்பட்டது எடைச் சீட்டுக் கட்டும், ரப்பர் போர்டு லைசென்ஸ் நகலும், ஒரு முறையீடும்தான். (கமிஷன் வியாபாரத்துக்கு 44ஏடி கிடையாது. நீங்கள் வாங்கி விற்றீர்களா, இடையில் நின்று கமிஷன் வாங்கினீர்களா என்பதை யோசித்துவிட்டுப் பேசுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

சொந்தத் தோட்டத்து ரப்பர் பால், ஷீட், தேங்காய் விற்ற பணம் விவசாய வருமானம், அதற்கு வரி கிடையாது. ஆனால் பட்டா, வரி ரசீது, விற்ற சீட்டு மூன்றும் வேண்டும். "எல்லாம் தோட்டத்துப் பணம்தான்" என்ற வாய்வார்த்தை எடுபடாது.

4. போடாத ரிட்டர்னைப் போடுங்கள்

கையில் காசில்லை, அதனால் ரிட்டர்ன் போடவில்லை என்பார்கள். ரெண்டும் வேறு வேறு விஷயம். நேரத்துக்குள் போடும் ரிட்டர்னை வரி கட்டாமலேயே போட முடியும், பிறகு கட்டுகிறேன் என்று தேர்ந்தெடுத்தால் போதும். வட்டி ஏறும், டிமாண்ட் வரும், ஆனால் வருமானத்தை மறைத்தவர் என்ற பெயர் வராது. போடாமலே இருப்பது கிரிமினல் வழக்கு வரை இழுக்கும்.

காலம் கடந்துவிட்டால் அப்டேட்டட் ரிட்டர்ன், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை. இதில் வரியையும் அதற்கு மேல் 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலையும் கட்டினால்தான் போடவே முடியும், தாமதம் கூடக் கூட சதவீதமும் கூடும். நொடித்துப் போனவருக்கு இது பெரும்பாலும் கைக்கு எட்டாதது. ஆனாலும் ஒரு வருடமாவது சின்னத் தொகையில் முடியுமென்றால் முடித்துவிடுங்கள்.

5. முறையீடு, தடை, தவணை: முப்பது நாள் கணக்கு

டிமாண்ட் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள். இந்த முப்பது நாளில்தான் எல்லாமே இருக்கிறது. அதற்குள் கட்ட வேண்டும், அல்லது முறையீடு செய்ய வேண்டும், அல்லது தவணை கேட்க வேண்டும். தாண்டினால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி, மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம். நான்கு லட்சம் பாக்கி என்றால் மாதம் நாலாயிரம். அதோடு பாக்கி அளவு வரைக்கும் அபராதம் போட 221-ஆம் பிரிவில் இடமுண்டு.

உத்தரவு தப்பு என்றால் முறையீடு. படிவம் 35, ஆன்லைனில், கட்டணம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். நீங்களே ரிட்டர்னில் ஒப்புக்கொண்ட வரியைக் கட்டாமல் முறையீடு போட்டால் எடுக்கவே மாட்டார்கள், அதை முதலில் கட்டுங்கள். முப்பது நாள் தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் எழுதி மன்னிக்கக் கேட்கலாம். மெயில் ஐடி வேறொருவருடையது என்பது நல்ல காரணம், அதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை இரண்டாம் படியில் மெயிலை மாற்றும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி 264-ஆம் பிரிவில் ஆணையரிடம் மறுஆய்வு, ஒரு வருடத்துக்குள், கட்டணம் 500. இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது.

முறையீடு போட்டுவிட்டால் வசூல் தானாக நிற்கும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. 220(6)-இல் தனியாகத் தடை மனு கொடுக்க வேண்டும். வழக்கமாகப் பிரச்சினைக்குரிய தொகையில் 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள், 2017 ஜூலை 31-இல் வந்த வாரியச் சுற்றறிக்கைதான் அதற்கு அடிப்படை. கஷ்ட நிலையை ஆதாரத்தோடு காட்டினால் அதைவிடக் குறைவாகவும் கேட்கலாம். கேட்காதவருக்கு யாரும் குறைத்துக் கொடுப்பதில்லை.

உத்தரவு சரிதான், பணம்தான் இல்லை என்றால் 220(3)-இல் தவணை. உத்தரவு போட்டது எங்கோ இருக்கும் முகமறியா அதிகாரியாக இருந்தாலும் வசூல் நம் ஊர் அதிகாரியிடம்தான், எனவே மனுவை நாகர்கோவில் வருமான வரி அலுவலகத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். மனுவில் புலம்பல் வேண்டாம். மாத வருமானம் இவ்வளவு, வீட்டுச் செலவு இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்ட முடியும், முதல் தவணை இதோ கட்டிவிட்டேன், செலான் இணைப்பு. முதல் தவணையைக் கட்டிவிட்டுப் போகிறவரிடம் அதிகாரி பேசுகிற விதமே வேறு.

செலானில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. டிமாண்டுக்குக் கட்டும்போது 400 என்ற தலைப்பில், சரியான மதிப்பீட்டு ஆண்டைப் போட்டுக் கட்ட வேண்டும். 100-இலோ 300-இலோ கட்டினால் பணம் போய்விடும், டிமாண்ட் அப்படியே நிற்கும். நிதியாண்டு 2019-20 என்றால் மதிப்பீட்டு ஆண்டு 2020-21, இதில் குழம்பாதவர் குறைவு, முதல் தடவை நானும் குழம்பினேன்.

பாக்கியைப் பார்த்துவிட்ட பிறகு வட்டியைப் பாருங்கள். 220(2ஏ)-இல் வட்டித் தள்ளுபடி கேட்கலாம். மூன்று விஷயம் காட்ட வேண்டும்: கட்டினால் நிஜமாகவே கஷ்டம், கட்டாமல் போனது உங்கள் கைமீறிய காரணத்தால், விசாரணைக்கு ஒத்துழைத்தீர்கள். மூன்றாவது இல்லாமல்தான் பெரும்பாலான மனு தள்ளுபடியாகிறது. அதனால் வருகிற ஒவ்வொரு நோட்டீஸுக்கும் ரெண்டு வரியாவது பதில் போடுங்கள்.

6. சொத்தை மனைவி பெயருக்கு மாற்றாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு போடக் காரணம், ஊரில் எல்லோரும் கொடுக்கும் முதல் யோசனை இதுதான். "லே, முதல்ல வீட்டைப் பெண்டாட்டி பேருக்கு செட்டில்மென்ட் எழுதுலே, பெறவு மத்ததைப் பாக்கலாம்."

வரி நடவடிக்கை நடக்கும்போதோ, முடிந்து வசூல் அதிகாரி நோட்டீஸ் கொடுக்கும் முன்போ எழுதிய மாற்றம், வரித்துறையைப் பொறுத்தவரை 281-ஆம் பிரிவில் செல்லாது. முழு விலை கொடுத்து, விவரம் தெரியாமல் வாங்கியவருக்கு மட்டும்தான் விலக்கு, அல்லது முன்கூட்டியே அதிகாரியின் அனுமதி. மனைவிக்கு எழுதிய செட்டில்மென்ட் இதில் எங்கும் அடங்காது. முத்திரைக் கட்டணம் வீண்.

ஐ.பி. பக்கமும் அடி விழும். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இனாமாக மாற்றிய சொத்தை 1920 சட்டத்தின் 53-ஆம் பிரிவில் ரத்து செய்யலாம். கடன்காரர்களில் பிடித்தமான ஒருவருக்கு மட்டும், மற்றவர்களை விட்டு, கடைசி மூன்று மாதத்தில் கட்டியதையும் 54-இல் திரும்ப எடுக்கலாம். மச்சானுக்கு அவசரமாகத் திருப்பிக் கொடுத்த கைமாற்று இதில்தான் மாட்டும். இதைவிடக் கெடுதல், மறைக்கப் பார்த்தவர் என்ற எண்ணம் நீதிபதிக்கு வந்துவிடும்.

வசூல் அதிகாரி நடவடிக்கை எடுத்தால் எதுவரை போவார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கை நேரடியாக முடக்கலாம், உங்களுக்குப் பணம் தர வேண்டியவரிடமே வாங்கிக்கொள்ளலாம், சொத்தை ஜப்தி செய்து ஏலம் போடலாம், சட்டத்தில் கைது கூட இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு விலக்கியதைத் தொட முடியாது: உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவி, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத தாலி போன்றவை, சம்பளத்தில் ஒரு பங்கு. ஐ.பி.யிலும் இதே விலக்குதான். (இந்த வரி வசூல் அதிகாரியையும் டி.ஆர்.ஓ. என்றுதான் சொல்வார்கள். கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மாவட்ட வருவாய் அலுவலர் வேறு. மனுவை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இருபது நாள் காத்திருந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.)

7. இப்போது கணக்குப் போடுங்கள்: ஐ.பி. தேவையா

நோட்டை எடுத்து இரண்டு கூட்டல் போடுங்கள். அரசுக் கடன் எவ்வளவு, தனியார் கடன் எவ்வளவு.

பாக்கியில் பெரும்பங்கு வருமான வரிதான் என்றால் ஐ.பி. போட்டு ஒரு பயனும் இல்லை. சொத்தை ரிசீவர் (அதைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிப்பவர்) விற்பார், பணம் வரிக்குப் போகும், மீதி வரி உங்கள் தலையில் அப்படியே இருக்கும், ஊரில் பெயரும் போயிருக்கும். இவர்களுக்கு ஐந்தாம் படியோடு வேலை முடிந்தது.

தனியார் கடன் அதிகம், வரி கொஞ்சம் என்றால் கணக்கு மாறுகிறது. சொத்து விற்ற பணம் முதலில் வரிக்கே போவதால் வரி முழுதும் அடைந்துவிட வாய்ப்பிருக்கிறது, அப்புறம் தீராத வட்டிக் கடன்களிலிருந்து விடுதலை கிடைக்கும். இந்த வகை ஆளுக்குத்தான் ஐ.பி. போடச் சொல்வேன். வீடு வங்கியில் அடமானம், நகை அடகில் என்றால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈடு வைத்துக் கடன் கொடுத்தவரின் உரிமையை ஐ.பி. தொடுவதில்லை.

பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருந்தால் அதையும் யோசியுங்கள், திவாலானவர் என்று உத்தரவானவருக்கு உள்ளாட்சிப் பதவி கிடையாது.

8. மனு போடும்போது

ஐநூறு ரூபாய்க்கு மேல் கடனும், கட்ட முடியாத நிலையும் இருந்தால் மனு போடத் தகுதி உண்டு. நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்குரிய சப் கோர்ட்: நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை என்று எது வருகிறதோ அது. கடன்காரர் பட்டியலும் சொத்துப் பட்டியலும் முழுதாக இருக்க வேண்டும்.

வருமான வரித்துறையையும் கடன்காரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். எப்படியும் போகாத கடன்தானே, எதற்குச் சேர்க்கணும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் ரிசீவர் பணத்தைப் பங்கு போடும்போது துறைக்கு முன்னுரிமை இருப்பதே அவருக்குத் தெரியாது, பணம் வட்டிக்காரருக்குப் போய்விடும், போகாத கடன் முழுசாக உங்களிடமே நிற்கும். உங்களுக்கு லாபமே அதை முதலில் தீர்ப்பதில்தான். டிமாண்ட் எண், மதிப்பீட்டு ஆண்டு, தொகை, முறையீடு நிலுவையில் இருந்தால் அதன் எண், நாகர்கோவில் அலுவலக முகவரி எல்லாம் எழுதுங்கள்.

வரி ரிட்டர்ன்களில் காட்டிய வருமானமும் மனுவில் சொல்லும் வருமானமும் ஒத்துப்போக வேண்டும். பேங்க் லோனுக்காக ஊதிப் பெருக்கிப் போட்ட ரிட்டர்ன் இங்கேதான் வந்து கடிக்கும்.

9. உத்தரவுக்குப் பிறகு

திவால் என்று உத்தரவு வரும்போதே, விடுதலைக்கு எப்போது மனு போட வேண்டும் என்று ஒரு காலக்கெடுவும் அதில் இருக்கும். அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். தவறினால் முழு உத்தரவும் ரத்தாகிவிடும், கடன்காரர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். மஞ்சக் கடுதாசி அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து இதைக் கோட்டை விடுபவர்கள் எத்தனையோ பேர்.

விடுதலை வரும் வரை உங்களுக்குப் புதிதாக வருகிற சொத்தும் ரிசீவர் கைக்குத்தான் போகும். அம்மா வழிப் பங்கு கிடைத்தாலும் சரி. அந்த வருடங்களில் சம்பாதித்தால் அதற்கான ரிட்டர்னும் நீங்கள்தான் போட வேண்டும், புதிய பாக்கி சேர விடாதீர்கள்.

விடுதலை உத்தரவு கிடைத்ததும் சான்றிட்ட நகல் வாங்கி, ரிசீவர் வரித்துறைக்குக் கொடுத்த தொகை டிமாண்டில் கழிந்திருக்கிறதா என்று தளத்தில் பாருங்கள். கழியவில்லையென்றால் செலான் விவரத்தோடு நாகர்கோவில் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மீதி இருந்தால் அன்றே தவணை மனு. இனி ரீஃபண்ட் வந்தால் அதைப் பழைய பாக்கியில் பிடித்துக்கொள்ள 245-இல் முன்னறிவிப்பு வரும், தொகை தவறென்றால் இருபத்தொரு நாளுக்குள் பதில் போட வேண்டும்.

ஆள் இறந்துவிட்டால் பாக்கி வாரிசுக்கு வரும். வந்து சேர்ந்த சொத்தின் அளவுக்கு மட்டும்தான் பொறுப்பு, அதற்கு மேல் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் அப்பாவின் பாக்கிக்காகச் சொந்த நகையை விற்றுக் கட்டியவர்கள் உண்டு, அதனால் வாரிசாகத் தளத்தில் பதிந்துகொள்ளும்போதே என்ன சொத்து வந்தது என்று ஒரு பட்டியலைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.